புற்றுக்கு அக்கட்டால

இதுவும் ஆணிதான். ஹெட்போனில் கரகரவென்று கேட்டபோதே தெரியும். இரும்பு கத்தும், தங்கம் முனகும் என்று என் சகலை சென்னியப்பன் சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரியாததா, பதினோரு தடவை அந்த முனகலைக் கேட்ட காது அது. எனக்கு வாய்த்ததெல்லாம் கத்தல். இருந்தும் மண்டி போட்டுத் தோண்டுகிறேன், ஏனென்றால் ஐம்பது தப்படி தள்ளி அவர் நிற்கிறார், பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எந்த வெள்ளைக்காரனோ கூடாரத்துக்கு அடித்த ஆணி, வளைந்து துருப்பிடித்து, கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த என்னை ஆஸ்திரேலியக் காட்டில் முட்டி போட வைத்திருக்கிறது. இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறேன். காலையிலிருந்து இது ஏழாவது. அவருக்குத் தெரிய வேண்டாங்க மாமா. இதோ, அந்த வார்த்தை மறுபடியும் வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து மண்டைக்குள் இதுதான். நேற்று சென்னியப்பன் வீட்டில் தங்கினோம், வழக்கம்போல, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி நித்யகலாவும் மெல்போர்னிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு அவள் அக்கா பானுமதி வீட்டுக்கு வருவது, சனிக்கிழமை காலையில் சகலைகள் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டர் மெஷினைத் தூக்கிக்கொண்டு தங்கம் தேடக் காட்டுக்குப் போவது. காலையில் பல் துலக்க எழுந்து வந்தால் பூஜை அலமாரி முன்னால் என் மனைவியும் அவள் அக்கா புருஷனும். குரலைத் தாழ்த்தி அவள், அவருக்குத் தெரிய வேண்டாங்க மாமா. அவர் தலையாட்டுகிறார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் சாமி கும்பிடுகிறவர்களாகிவிட்டார்கள். "எந்திரிச்சுட்டீங்களா, காப்பி வெக்கட்டுங்களா?" என்கிறாள், நான் பெண் பார்க்கப் போன நாளில் கேட்டது மாதிரி ஒரு குரலில். எனக்கு எது தெரிய வேண்டாம்? அந்த மாமா என்கிற சொல்லே எனக்கு ஆகாது. என்னை அவள் ஏனுங்க என்பாள், ஒன்பது வருஷமாக ஏனுங்க, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட ஏனுங்க எனலாம். அவருக்கு மட்டும் மாமா. அக்கா புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வழக்கம், தெரியும். தெரிந்துவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா என்ன.

மெஷினின் வட்டத் தட்டைத் தரையை ஒட்டி வீச வேண்டும், வலமிருந்து இடம், இடமிருந்து வலம், மெதுவாக, தட்டு மேலே எழும்பக் கூடாது. இதைப் பார்த்துத்தான் நித்யா ஒருநாள் சிரித்தாள், "வூட்டை ஒரு நாளாச்சும் இப்படிக் கூட்டியிருக்கீங்களா?" என்று. நானும் சிரித்தேன். இது சென்னியப்பனின் பழைய மெஷின். அவர் புதிது வாங்கியபோது இதை எனக்குக் கொடுத்தார், "சும்மாதானே கெடக்குது, வெச்சுக்குங்க சகல." அண்ணன் சட்டை தம்பிக்கு என்பது போல. கைப்பிடியில் அவர் விரல் பதிந்து ரப்பர் தேய்ந்திருக்கிறது, என் விரல் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காருவதில்லை. ஆயுத பூஜைக்கு நித்யா இதற்குப் பொட்டு வைத்தாள். அவள் பொட்டு வைக்கும் முறையே தனி. முதலில் சந்தனத்தை எட்டணா அகலத்துக்கு வட்டமாக, நடுவில் மோதிர விரல் நுனியால் குங்குமம் ஒரு புள்ளி, தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், கோணலாக இருந்தால் அழித்து மறுபடி வைப்பாள். கார், ஃபிரிட்ஜ், என் ஆபீஸ் கம்ப்யூட்டர், எல்லாம் அந்தப் பொட்டு வாங்கியவை. பானு அப்படியில்லை, குங்குமத்தைத் தொட்டாள் இழுத்தாள் முடிந்தது. நேற்று வெள்ளிக்கிழமை. பானுவுக்கு வீட்டு விலக்கு, அவள் பூஜை அலமாரிப் பக்கம் வர மாட்டாள், அதனால் நித்யாதான் விளக்கேற்றினாள். அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில்தான் சென்னியப்பன் மண்ணிலிருந்து எடுத்த பதினோரு தங்கக் கட்டிகள், மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று, மற்றவை கடலைப்பருப்பு, துவரம்பருப்பு. வெள்ளிக்கிழமை அதை எல்லாம் பித்தளைத் தட்டில் கொட்டிப் பொட்டு வைத்து ஆரத்தி காட்டுவது அந்த வீட்டு வழக்கம். நான் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும், அந்தப் பருப்பு அளவுக் கட்டிக்கும், பொறுமையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் மனைவியின் விரல், அவர் தங்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மொச்சைக்கொட்டை கிடைத்த அன்று அது கைக்குக் கை மாறி வந்தது. எல்லோரும் வாங்கினார்கள், எடை பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். நித்யா மட்டும் கையை மூடிக்கொண்டாள். கண்ணையும் ஒரு நொடி மூடினாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் மூன்று வருஷமாக இந்த முள்ளிலும் கல்லிலும் நடக்கிறேன், வேறொன்றும் இல்லை. கடையில் போய் ஐந்து பவுன் வாங்கிக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறேன், "எதுக்குங்க இப்ப" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துவிட்டாள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எனக்கு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு புதன் தவறாமல் கிடைக்கிறது.

நேற்று சாப்பிடும்போது நானே வாயைக் கொடுத்தேன். நாளைக்குத்தான் கடைசி, நாளைக்கும் கிடைக்காவிட்டால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று. விளையாட்டாகச் சொல்ல நினைத்தது, சபதம் மாதிரி வந்துவிட்டது. "அவசரப்படாதீங்க சகல," என்றார் சென்னியப்பன். பானு, "விடுங்க, எல்லாத்துக்கும் கைராசின்னு ஒண்ணு இருக்குதில்லீங்க," என்றாள். நித்யா ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள், கலங்கிய ரசத்தை. அவளுக்கு அலுத்துவிட்டது. சரி, யாருக்குத்தான் அலுக்காது. கைராசி என்றால் என்ன, அவர் கைக்கும் என் கைக்கும் என்ன வித்தியாசம். நான் இன்ஜினியர், பாங்க் சாஃப்ட்வேரில் மற்றவர்கள் விட்ட பிழையைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு, ஒரு புள்ளி மாறியிருந்தாலும் பிடித்துவிடுவேன். அவர் டிப்ளமோ, இங்கே ஒரு கோழிப்பண்ணைக்கு மேனேஜர். ஆனால் பெருந்துறையில் மாமனார் வீட்டில் நாட்டுக்கோழி அடித்தால் நெஞ்சுக்கறி பெரிய மாப்பிள்ளை இலைக்குத்தான் போகும். எனக்கு ஈரல் வைப்பார்கள், சின்ன மாப்ளைக்கு ஈரல்னா உசுரு என்று அவர்களாகவே முடிவு செய்து. போன வாரம் வீடியோவில் மாமனார், "உங்களுக்கும் ஒண்ணு கெடைக்கும், விடுங்க மாப்ள," என்றார். பிள்ளை இல்லாதவனுக்குச் சொல்கிற ஆறுதல் மாதிரி. நான் போனை நித்யாவிடம் கொடுத்துவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டாங்க மாமா. ஒருவேளை மெஷினைத் திருப்பி வாங்கி வேறு யாருக்காவது கொடுக்கப் போகிறார்களோ. ஒருவேளை அவள் ஊருக்குத் திரும்பிப் போக நினைக்கிறாளோ, என்னை விட்டு. ச்சே. மூன்றாவதாக ஒன்று வருகிறது, அதை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டேன், சென்னியப்பனின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற அந்த வெள்ளைக் கைக்குட்டை, இஸ்திரி போட்டு நாலாக மடித்தது, அவள் ஒருமுறை அதைச் சுட்டிக்காட்டி, "மாமாவப் பாத்துக் கத்துக்குங்க," என்றது. இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை, அவளும் இல்லை, இரண்டும் எனக்குத் தெரியும். பிறகு ஏன் தட்டு தரையை விட்டு எழும்புகிறது. மெஷின் கத்துகிறது. தோண்டுகிறேன். ஆணி, எட்டு.

"ஏனுங்க சகல!" கையை வாய்க்குக் குவித்துக் கத்துகிறார். ஹெட்போனை ஒரு காதிலிருந்து இறக்குகிறேன். "அந்தப் புத்துக்கு அக்கட்டாலப் பாத்தீங்களா?" வந்ததிலிருந்து இது மூன்றாவது முறை. பாக்ஸ் என்கிற யூகலிப்டஸ் மரத்தடியில் எறும்புகள் சிறு கல்லாகக் கொண்டுவந்து குவித்த மேடு ஒன்று இருக்கிறது, ஊர்ப் பாம்புப் புற்றுக்கு முன்னால் இது ஒன்றுமில்லை, ஆனால் புற்று புற்றுதான், நானும் அவரும் காலணியோடு அதன்மேல் ஏற மாட்டோம். அதற்கு அந்தப் பக்கம் பார்க்கச் சொல்கிறார். "பாக்கறேனுங்க, பாக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கமே வீசுகிறேன். எனக்குத் தெரியாதா. காலையில் வண்டியை நிறுத்தியதும், "நீங்க டீ குடிங்க சகல, நான் முன்னால போயி எடம் பாத்துப்போட்டு வர்றேன்," என்று மெஷினோடு போனார், பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்தார். நல்ல இடம் எது என்று அலசிவிட்டு, ஒன்றுமில்லாத இடத்துக்கு என்னை அனுப்புகிறார். ஈரல் வைக்கிறார். போன மாதமும் இப்படித்தான், ஓடைக் கரைக்குப் போங்க என்றார், ஓடைக் கரையில் எனக்குத் துப்பாக்கித் தோட்டாவின் ஈயம், மேலே மேட்டில் அவருக்குப் பதினோராவது. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வெயில் ஏறுகிறது, ஈக்கள் கண்ணோரத்து ஈரத்துக்கு வருகின்றன, யூகலிப்டஸ் வாடை தலைவலித் தைலம் மாதிரி மூக்கில் ஏறுகிறது, காதில் மெஷினின் மெல்லிய ரீங்காரம், ஒன்றும் இல்லாத மண்ணின் சத்தம், அதைக் கேட்டுக் கேட்டுத் தூக்கத்திலும் கேட்கிறது. அவர் பக்கம் திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன். திரும்புகிறேன். அவர் நகர்ந்திருக்கிறார். மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு புற்றுப் பக்கமாக நடக்கிறார், நின்று தரையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அப்படியா சங்கதி. நான் போக மாட்டேன் என்று தெரிந்ததும் தானே எடுத்துக்கொள்ளப் போகிறார். அங்கே ஏதோ இருக்கிறது.

ஓடுகிறேன் என்று சொல்ல முடியாது, நாற்பத்திரண்டு வயதுக்காரன் ஓடாததுபோல் ஓடுவது ஒன்று உண்டு, அதைச் செய்கிறேன். மெஷின் ஒயர் புதரில் மாட்டி இழுக்கிறது. "நானே பாக்கறேனுங்க சகல!" குரல் எனக்கே சண்டைக்காரக் குரலாகக் கேட்கிறது. "பாருங்க, பாருங்க, உங்களுக்காகத்தான் உட்டு வெச்சிருக்கேன்," என்று அவர் பத்துத் தப்படி தள்ளி ஒதுங்குகிறார், சிரித்துக்கொண்டு. சிரி. புற்றைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் தட்டை இறக்குகிறேன். வலமிருந்து இடம். ரீங்காரம். இடமிருந்து வலம். ரீங்காரம் ஒரு இடத்தில் வழுக்குகிறது. நிற்கிறேன். மறுபடி, மெதுவாக. கத்தவில்லை. ம்ம் என்று எழுந்து அடங்குகிறது, ஆழத் தூக்கத்தில் யாரோ பதில் சொல்கிற மாதிரி. மறுபடி. ம்ம். கழுத்து நரம்பில் அது அடிக்கிறது. மண்டி போடுகிறேன், புற்றின் எறும்புகள் கையில் ஏறுகின்றன, ஏறட்டும். களைக்கொத்தைப் போட்டதும் மண் பொலபொலவென்று வருகிறது, இந்தக் காட்டில் இவ்வளவு இளகிய மண்ணை நான் பார்த்ததே இல்லை, நமக்கு என்று வரும்போது மண்கூட வழி விடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன், கண்ணில் நீர் கட்டுகிறது. நாலு விரற்கடை ஆழம். ஒரு கைப்பிடி மண்ணை அள்ளித் தட்டின்மேல் காட்டுகிறேன், ம்ம். பாதியைக் கொட்டிவிட்டுக் காட்டுகிறேன், ம்ம். மண்ணை ஊதுகிறேன். உள்ளங்கையில் இருக்கிறது. கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் குழி விழுந்தது, மண்ணுக்குள்ளிருந்து வந்தும் மண்ணாகாத நிறம், அதன் அளவுக்குச் சம்பந்தமில்லாத கனம். மூன்று வருஷம். மூன்று வருஷம் நித்யா. அவள் வாசலில் நிற்பாள், நான் ஒன்றும் பேச மாட்டேன், கையைப் பிடித்து விரித்து இதை வைப்பேன், அவள் மூடிக்கொள்வாள், அப்புறம் கண்ணை. மாமனாருக்கு அவளே போன் போடட்டும். ஜாடி வேண்டாம், ஒற்றைக் கட்டிக்கு எதற்கு ஜாடி, ஒரு சிமிழ் போதும், வெள்ளிக்கிழமை அவள் சந்தனம் வைத்து, குங்குமம்.

குழிக்குள் சிவப்பாக இருக்கிறது. செம்மண். கட்டைவிரலால் தேய்க்கிறேன், போகவில்லை, விரலில் ஒட்டுகிறது, இந்த ஊர்ச் செம்மண் இவ்வளவு சிவப்பில்லை. சிவப்பைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம், காய்ந்து, ஓரம் உதிர்ந்து. முகர்கிறேன். சந்தனம். சந்தன வட்டத்தின் நடுவில், கோணாமல், மோதிர விரல் நக நுனி அளவில் குங்குமம். உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்தப் பொட்டை எனக்குத் தெரியும், என் ஃபிரிட்ஜில் இருக்கிறது, என் காரில் இருக்கிறது. அவருக்குத் தெரிய வேண்டாங்க மாமா. ஓகோ. இதுதானா. பிறகு எல்லாம் வரிசையாக வந்து உட்காருகிறது, வேலையில் பிழை பிடிபடும்போது வருகிற அதே ஓட்டம். இளகிய மண். டீ குடிங்க சகல. புத்துக்கு அக்கட்டால, புத்துக்கு அக்கட்டால. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு மெஷின்கள் கிட்டக்கிட்ட வந்தால் ஒன்றின் காதில் மற்றொன்று கீச்சென்று அலறும், அதனால்தான் சகலைகள் ஐம்பது தப்படி விலகி நடப்பது. இப்போது பத்துத் தப்படியில் நிற்கிறார், என் காதில் அலறலே இல்லை. அணைத்துவிட்டுத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருக்கிறார். பிச்சை. எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார், வாங்கிக் கொடுத்தவள் என் மனைவி. ரத்தம் காதுக்கு ஏறுகிறது. ஆணி என்று சொல்லிவிடப் போகிறேன். ஒன்பதாவது ஆணி என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே திரும்பாமல் நடந்துவிடப் போகிறேன். அவர் என்ன செய்வார். கேட்க முடியாது. என் கட்டி எங்கே என்று எந்த வாயால் கேட்பார். நான் அக்கட்டால போனதும் குனிந்து குனிந்து தேடுவார், வெயிலில், மண்ணைக் கிளறி, கிடைக்காமல், நான் மூன்று வருஷம் தேடியது போல. அந்தக் காட்சி தேன் மாதிரி இருக்கிறது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், இவ்வளவு இனிப்பு எதிலும் பட்டதில்லை. மாலையில் நித்யா வாசலில் நிற்பாள். அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று. அவள் முகம். ரசத்தை நேற்று அவ்வளவு நேரம் கலக்கிக்கொண்டிருந்தாளே. அக்கா வீட்டில் உப்புக்கூடக் கேட்டு வாங்காதவள். கூடப் பிறந்தவளிடமே ஒன்று வேண்டும் என்று நின்றதில்லை, அக்கா புருஷனிடம் போய், தங்கம் ஒன்று கொடுங்க, அவருக்குத் தெரிய வேண்டாங்க மாமா என்று விடியற்காலையில் நின்றிருக்கிறாள். எப்படிக் கேட்டிருப்பாள், அந்த மானக்காரி. அலமாரியிலிருந்து எடுக்கும்போது பொட்டைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை, வைத்த பொட்டை அவள் துடைக்கவே மாட்டாள், அவருக்கும் தோன்றவில்லை, சாமி காரியம் என்று அப்படியே மண்ணில் புதைத்திருக்கிறார். பொன் வைக்கிற இடத்தில் பூ வைப்பார்கள், ஏழைபாழைகள். இவர்கள் இரண்டு பேரும் ஆணி இருக்கிற இடத்தில் பொன்னை வைத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் எரிகிறது. எரிச்சலுக்கு அடியில் வேறென்னவோ இருக்கிறது, அதைத் தோண்டிப் பார்க்க இப்போது நேரமில்லை, அவர் காத்துக்கொண்டிருக்கிறார். பொட்டோடு காட்ட முடியாது. தண்ணீர் பாட்டில் வண்டியில். முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டியை வாயில் போடுகிறேன். மண், உப்பு, சந்தனக் கசப்பு. நாக்கால் அந்தக் குழியைத் துழாவித் துழாவி அவள் வைத்த பொட்டை எடுக்கிறேன். உள்ளங்கையில் துப்புகிறேன். பளிச்சென்று இருக்கிறது, யாருடையதும் இல்லாத மாதிரி.

"சகல!" என்று கத்துகிறேன். முதல் கத்தல் சரியாக வரவில்லை. இரண்டாவது நன்றாகவே வருகிறது. "கெடச்சிருச்சுங்க சகல! கெடச்சிருச்சு!" அவர் ஓடி வருகிறார், மெஷினைக் கீழே போட்டுவிட்டு, அவ்வளவு விலையுள்ள மெஷினை, "அடேங்கப்பா! காட்டுங்க, காட்டுங்க! நாஞ் சொன்னனல்லோ!" என்று. நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவனுக்கு வசனம் மறந்த மாதிரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தோளைத் தட்டுகிறார். நானும் சிரிக்கிறேன், தலையை ஆட்டுகிறேன், கட்டியை விரலிடுக்கில் பிடித்து வெயிலில் காட்டுகிறேன். "நித்யாகிட்டச் சொல்லோணும்," என்கிறேன். "சொல்லோணும், சொல்லோணும்," என்கிறார். திடீரென்று பேச்சை நிறுத்துகிறார். கட்டியைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறார். "ஒதட்டுல குங்குமம் இருக்குதுங்க சகல. தொடச்சுக்குங்க." வாங்கிக்கொள்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், புற்றைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார், "அந்தப் புள்ளைக்குத் தெரிய வேண்டாங்க. வெசனப்படும்." இஸ்திரி போட்டு நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. ஒரு மடிப்பை மட்டும் பிரித்துத் துடைத்துக்கொள்கிறேன். இதைக்கூட முதலில் பார்த்தவர் அவர்தான்.